மூளையைக் கழுவும் நீர்: சாயம் முதல் காந்தப்படம் வரை

சளி பிடித்துத் தலை கனத்தால் 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்று சொல்வது நம் வழக்கம். நீர்க்கோவை மாத்திரை என்ற பெயரிலேயே சித்த மருந்து ஒன்று உண்டு. அதை நீரில் குழைத்து நெற்றியில் பற்றுப் போடுவார்கள். மூக்கில் வடிவது தலைக்குள்ளிருந்து இறங்கும் நீர் என்ற எண்ணம் இந்தச் சொல்லுக்குள் உறைந்திருக்கிறது. இதற்கு மிக நெருக்கமான ஓர் எண்ணம் கிரேக்க மருத்துவத்திலும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே ஊற்று என்று நாம் வாதிட வரவில்லை. தலை கனத்து மூக்கு ஒழுகும் அனுபவம் எல்லா நாட்டு மனிதருக்கும் பொது. அதற்கு முதலில் தோன்றக்கூடிய விளக்கமும் பொதுவாக அமைந்திருக்கலாம்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் பணியாற்றிய கிரேக்க மருத்துவர் கேலன், மூளையின் கழிவு ஒரு புனல் வழியாக இறங்கி, மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியை அடைந்து, எலும்பின் நுண்துளைகள் வழியே மூக்குக்கும் அண்ணத்துக்கும் வடிகிறது என்று கருதினார். அந்தச் சுரப்பிக்கு இன்றும் வழங்கும் பிட்யூட்டரி என்ற பெயர், சளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. ஏறத்தாழ 1500 ஆண்டுகள் ஐரோப்பா இதை நம்பியது. 1660 வாக்கில் விட்டன்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கான்ராட் விக்டர் ஷ்னைடர், சளி மூக்கின் உட்படலத்திலேயே சுரக்கிறது என்று காட்டி அந்தக் கோட்பாட்டை முடித்துவைத்தார்.

கேலனின் விடை வீழ்ந்தது. ஆனால் கேள்வி வீழவில்லை. உடல் எடையில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு எரியும் அடுப்பில் சாம்பலும் சேரத்தான் செய்யும். மற்ற உறுப்புகளில் உயிரணுக்களுக்கு இடையே தேங்கும் நீரையும் புரதக் கழிவையும் நிணநீர்க் குழாய்கள் அள்ளிச் செல்கின்றன. மூளைத் திசுவுக்குள் நிணநீர்க் குழாய்கள் இல்லை. அப்படியானால் மூளையைக் கழுவுவது எது, கழுவிய நீர் எங்கே போகிறது?

இக்கட்டுரையில் நாம் பின்தொடர விரும்புவது இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதை. உயிருள்ள மனிதரின் தலைக்குள் நீர் நகர்வதை நேரில் கண்டவர் நெடுங்காலம் எவருமில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அந்த நீருக்குள் ஓர் அந்நியப் பொருளை அனுப்பி, அது போன வழியைக் கண்டு, நீர் போன வழியும் இதுவே என்று முடிவு செய்தது. பாதரசம், நீலச்சாயம், காற்று, எண்ணெய், கதிரியக்க அயோடின், கடோலினியம் என்று தடங்காட்டிகள் மாறின. தடங்காட்டி சொல்வதில் எவ்வளவு நீரைப் பற்றியது, எவ்வளவு தடங்காட்டியைப் பற்றியது என்ற ஐயம் மட்டும் மாறவில்லை. இன்று தூக்கத்தைப் பற்றி நடக்கும் பெரிய விவாதமும் இந்த ஐயத்தின் மீதே நிற்கிறது.

*

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஒரு தெளிந்த நீர் இருக்கிறது என்பதே காலந்தாழ்ந்து உறுதிப்பட்ட செய்தி. நேப்பிள்ஸ் நகரின் இளம் மருத்துவர் டொமெனிகோ கொட்டுன்யோ 1764 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதைத் தெளிவாக விவரித்தார். முன்னோர் ஏன் காணவில்லை என்பதற்கு அவர் தந்த விளக்கம் எளியது. மூளையை ஆராய்வதற்காகச் சடலத்தின் தலையை முதலில் வெட்டி எடுப்பது அன்றைய வழக்கம். வெட்டிய கணமே நீர் வடிந்துவிடும். பிறகு திறந்து பார்ப்பவருக்கு வெற்றிடமே தெரியும். பார்க்கும் முறையே பார்க்க வேண்டியதை அழித்துக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சு உடலியலாளர் ஃப்ரான்ஸுவா மஜான்டி அந்த நீருக்கு, மூளையையும் தண்டுவடத்தையும் இணைத்து, நாம் இன்று 'மூளைத் தண்டுவட நீர்' என்று வழங்கும் பெயரைச் சூட்டினார்.

இத்தாலியின் சியெனாவில் பாவ்லோ மஸ்கான்யி இன்னொரு திசையில் சென்றார். சடலங்களின் நிணநீர்க் குழாய்களுக்குள் பாதரசத்தைச் செலுத்தி, வெள்ளிக் கொடிபோல் படரும் அதன் தடத்தை வரைந்து, 1787 இல் ஒரு பெரும் படநூலாக வெளியிட்டார். மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளிலும் நிணநீர்க் குழாய்கள் உண்டு என்று அவர் எழுதினார். பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. மூளைக்கும் நிணநீருக்கும் தொடர்பில்லை என்பதே பாடநூல்களின் வாசகமாயிற்று. மஸ்கான்யியின் கூற்று மீண்டும் உயிர்பெற 228 ஆண்டுகள் ஆயின என்பதைப் பின்னால் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி சாயத்தின் காலம். ஜெர்மானிய உடற்கூறியலாளர் குஸ்டாவ் ஷ்வால்பெ 1869 இல் நாய்களின் மூளை உறைகளுக்கு இடையே பெர்லின் நீலத்தைச் செலுத்தினார். அது கழுத்தின் நிணநீர் முடிச்சுகளில் போய்ச் சேர்ந்தது. ஸ்வீடனில் ஆக்ஸெல் கீ, குஸ்டாஃப் ரெட்சியஸ் இருவரும் மனிதச் சடலங்களுக்குள் நிறமூட்டிய ஜெலட்டினைச் செலுத்தி, 1875 இல் தொடங்கி வெளியிட்ட நூலில், நீர் முக்கியமாக மூளை உறையின் சிறு முகைகள் வழியே சிரை இரத்தத்துக்குள் கலக்கிறது என்றனர். ஒரே நீர், இரண்டு சாயங்கள் இரண்டு வழிகளைக் காட்டின. செலுத்திய அழுத்தம் இயற்கையானதா, பிணத்தில் நடப்பது உயிரிலும் நடக்குமா என்ற கேள்விகள் உடனே எழுந்தன.

அந்தக் கேள்விகளுக்கு அமெரிக்காவின் லூயிஸ் வீட் 1914 இல் ஒரு நுட்பமான சோதனையால் விடை சொல்ல முயன்றார். நீரில் முழுதாகக் கரையும் இரண்டு உப்புகளை மென்மையான அழுத்தத்தில் உயிருள்ள விலங்குகளுக்குச் செலுத்தினார். பின்னர் திசுவில் அமிலம் பட்டதும் அவை நீலமாகப் படிந்து வழியைக் காட்டின. பெரும்பகுதி சிரைக்கே போகிறது, நிணநீர் வழி சிறியது என்பது அவர் முடிவு. அவருடைய ஆசான் ஹார்வி குஷிங், இரத்தம், நிணநீர் ஆகியவற்றுக்கு அடுத்ததாக இதனை 'மூன்றாவது சுற்றோட்டம்' என்று 1925 ஆம் ஆண்டு எடின்பரோ சொற்பொழிவில் அழைத்தார். மூளை அறைகளில் ஊறி, வெளியே வழிந்து, உச்சியில் சிரையில் கலக்கும் ஓர் ஆற்றின் சித்திரம் இவ்வாறு நிலைபெற்றது. பல தலைமுறை மாணவர்கள் அதையே படித்தார்கள்.

*

சடலத்திலும் விலங்கிலும் கண்டது போதாது. எதிரே படுத்திருக்கும் நோயாளியின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதே மருத்துவரின் தேவை. ரோன்ட்கன் 1895 இல் கண்டறிந்த எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், மூளை தெரியாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1918 இல் இதற்கு ஒரு வழி கண்டார். மண்டையில் துளையிட்டு மூளை அறையின் நீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றை நிரப்பினார். காற்று எக்ஸ்ரேயைத் தடுக்காததால் அறையின் வடிவம் படத்தில் இருட்டாகத் துலங்கியது. அடுத்த ஆண்டே, துளையிடாமல் முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்றும் முறையையும் வெளியிட்டார்.

உயிருள்ள மனிதரின் மூளை அறைகள் முதன்முறையாகப் படமாயின. அதற்கான விலையைக் கொடுத்தவர் நோயாளி. அவரை நாற்காலியில் கட்டி, காற்று எல்லா மூலைகளையும் எட்டும்படி இப்படியும் அப்படியும் சாய்ப்பார்கள். தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும். உள்ளே போன காற்று கரைந்து மறையும்வரை நாட்கணக்கில் படுத்திருக்க வேண்டும். 1921 வாக்கில் பிரான்சில் ழான் ஸிகார் அயோடின் கலந்த எண்ணெயைத் தண்டுவட நீருக்குள் செலுத்தத் தொடங்கினார். எண்ணெய் நீரில் கரையாது. தண்டுவடத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாகத் தங்கிவிடும். பின்னாளில் பரவலான இத்தகைய எண்ணெய் மருந்துகள் சிலருக்கு உறைகளில் நாள்பட்ட அழற்சியை விட்டுச்சென்றன. காற்றும் எண்ணெயும் காட்டியது அறையின் சுவர்களை. நீர் எவ்வாறு நகர்கிறது என்பதை நீரை அகற்றிவிட்டுக் காண இயலாது. நீரோடு கலவாத ஒன்றைக் கொண்டும் காண இயலாது.

நீரோடு கலந்து போகும் தடங்காட்டி அணுயுகத்தில் வந்தது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய ஜியோவன்னி டி கீரோ, கதிரியக்க அயோடின் சேர்த்த அல்புமின் புரதத்தை முதுகுத்தண்டில் ஊசியால் செலுத்தி, அது ஏறிச்செல்வதை மணிக்கணக்கில் தலைக்கு வெளியிலிருந்து அளந்தார். 1964 இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, நலமுள்ளவர்களில் அது மூளையின் அடிப்பகுதியை எட்டி, பக்கவாட்டில் ஏறி, ஒரு நாளுக்குள் உச்சந்தலையை அடைகிறது. மூளை அறைகளுக்குள் நுழைவதில்லை. படம் மங்கலானது, புள்ளிகளாலானது. ஆயினும் உயிருள்ள மனிதரில் நீரின் பயணத்துக்கு நேரக் கணக்கு கிடைத்தது அப்போதுதான். அந்த அல்புமின் சிலருக்கு மூளையுறை அழற்சியைத் தந்ததால், பின்னர் இண்டியம் சேர்த்த மருந்து அதன் இடத்துக்கு வந்தது.

இதே ஆண்டுகளில் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் சாலமோன் ஹக்கீம் என்ற மருத்துவர் ஒரு புதிரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். 1957 இல் விபத்தில் அடிபட்ட 16 வயதுச் சிறுவன் ஒருவன் அறுவைக்குப் பின்னும் நினைவு தெளியாமல் கிடந்தான். மூளை அறைகள் வீங்கியிருந்தன. நீரின் அழுத்தமோ இயல்பாக இருந்தது. சோதனைக்காகச் சிறிது நீர் எடுத்தபோது அவன் தேறினான். ஹக்கீமும் பாஸ்டனின் ரேமண்ட் ஆடம்ஸும் 1965 இல் இந்நிலையை ஒரு தனி நோயாக அறிவித்தனர். நடை தடுமாறும், நினைவு மங்கும், சிறுநீர் அடங்காது. 'வயசாகிவிட்டது' என்று குடும்பம் ஒதுக்கிவைக்கும் முதியவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இதுவே. நீரை வயிற்றுக்கு வடியவிடும் குழாயை உள்ளே பொருத்தினால் சிலர் மீண்டும் நடக்கிறார்கள். டி கீரோவின் முறையில் இவர்களைப் பார்த்தபோது தடங்காட்டி உச்சிக்குப் போகாமல் அறைகளுக்குள் திரும்பி நுழைந்து தேங்கியது. நீரின் வழியைப் படமெடுப்பது அறிவார்வம் மட்டும் சார்ந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

*

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. காற்றேற்றும் நாற்காலி சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. அடுத்து வந்த எம்.ஆர்.ஐ. இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. அது நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவின் குரலையே கேட்கும் கருவி. அந்நியப் பொருள் எதையும் அனுப்பாமல் நீரையே காண முடியும் என்ற நிலை முதன்முறையாக ஏற்பட்டது.

அப்படிக் கண்டபோது ஆற்றின் சித்திரம் ஆட்டங்கண்டது. டேவிட் ஃபைன்பெர்க், அலெக்சாண்டர் மார்க் இருவரும் 1987 இல் நீரின் வேகத்தை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்து காட்டினர். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் மூளையே சற்று அசைகிறது; நீர் கீழே போய் மீண்டும் மேலே வருகிறது. 2015 இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில், நொடிக்குப் பல படங்கள் எடுக்கும் முறையைக் கொண்டு, ஆழ்ந்து மூச்சை இழுக்கும்போது நீர் தலையை நோக்கி ஏறுவதைக் கண்டனர். மூளைத் தண்டுவட நீர் ஆற்றைவிடக் கழிமுகத்தையே அதிகம் ஒத்திருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் ஊறும் நீர் அத்தனையும் மெல்ல எங்கோ வடிகிறது. அதன் மேலோ நொடிதோறும் வந்துபோகும் அலை. எம்.ஆர்.ஐ. எளிதில் காண்பது அலையை. கழிவை வெளியேற்றுவது வடிதல். ஏறி இறங்கும் நீர் எதையாவது எடுத்துச்சென்றதா என்று அறிய வேண்டுமானால் மீண்டும் ஒரு தடங்காட்டியை உள்ளே அனுப்பியாக வேண்டும்.

இதற்கிடையே விலங்குகளில் இன்னொரு சரடு தொடர்ந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஹெலன் செர், எலியின் மூளைத் திசுவுக்குள் சிறியதும் பெரியதுமான மூலக்கூறுகளைச் செலுத்தி, அவை ஏறக்குறைய ஒரே வேகத்தில் வெளியேறுவதை 1981 இல் காட்டினார். தானாகப் பரவுவதென்றால் சிறியது விரைவாகவும் பெரியது மெதுவாகவும் போக வேண்டும். ஒரே வேகம் என்றால் நீரே அவற்றை இழுத்துச்செல்கிறது என்று பொருள். பாட்ரிஷியா கிரேடியும் மார்ஷல் ரென்னல்ஸும் 1985 இல் தண்டுவட நீரில் இட்ட ஒரு புரதம், இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள உறை போன்ற இடைவெளிகள் வழியே சில நிமிடங்களில் மூளை முழுதும் பரவியதாக அறிவித்தனர். மற்றவர்களால் அந்த வேகத்தை மீண்டும் காண முடியவில்லை. விஷயம் ஆறிப்போயிற்று.

2012 இல் அது மீண்டும் கொதித்தது. ராச்சஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேன் நெடர்கார்டின் குழு, உயிருள்ள சுண்டெலியின் மண்டையில் சாளரம் அமைத்து, ஒளிரும் தடங்காட்டி தமனிகளின் ஓரமாக மூளைக்குள் இறங்குவதையும் சிரைகளின் ஓரமாக வெளியேறுவதையும் நுண்ணோக்கியில் கண்டது. கிளையா எனப்படும் துணை உயிரணுக்களில் உள்ள நீர்வாயில் புரதம் அகற்றப்பட்ட சுண்டெலிகளில் இந்த ஓட்டம் தளர்ந்தது. கிளையாவையும் நிணநீரையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டி அக்குழு இதற்கு 'கிளிம்ஃபாட்டிக்' என்று பெயரிட்டது. அடுத்த ஆண்டு, சுண்டெலி உறங்கும்போது உயிரணுக்களுக்கு இடையேயான வெளி 60 விழுக்காட்டுக்கு மேல் விரிகிறது என்றும், அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு என்ற புரதக் கழிவு விரைந்து வெளியேறுகிறது என்றும் அறிவித்தது. 'தூக்கம் மூளையைக் கழுவுகிறது' என்ற வாக்கியம் உலகெங்கும் நாளிதழ்களில் வந்தது. சுண்டெலி என்ற எழுவாய் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

2015 இல் வர்ஜீனியா, ஹெல்சிங்கி ஆகிய இரு இடங்களில் இரு குழுக்கள் தனித்தனியே சுண்டெலியின் மூளை உறையில் நிணநீர்க் குழாய்களைக் கண்டன. 2017 இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. மூலம் உயிருள்ள மனிதரிலும் அவற்றைப் படமெடுத்தனர். மஸ்கான்யி இறந்து இரு நூற்றாண்டுகள் கழித்து அவர் கூற்றுக்குச் சான்று கிடைத்தது.

*

மனித மூளையைத் துளையிட்டு நுண்ணோக்கி வைக்க இயலாது. ஓஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் கதிரியல் மருத்துவர் கெய்ர் ரிங்ஸ்டாட், நரம்பியல் அறுவை மருத்துவர் பேர் கிறிஸ்டியான் ஐடே இருவரும் டி கீரோவின் பழைய வழியில் புதிய தடங்காட்டியை அனுப்பினர். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கையின் நரம்பில் ஏற்றும் கடோலினியம் சேர்ந்த காண்ட்ராஸ்ட் மருந்தை மிகச் சிறிய அளவில் முதுகுத்தண்டு நீருக்குள் செலுத்தி, இரண்டு நாட்கள்வரை மீண்டும் மீண்டும் படமெடுத்தனர். 2017, 2018 ஆண்டுகளில் வெளியான படங்களில் மருந்து பெரிய தமனிகளின் தடம் பற்றி மூளையின் மேற்பரப்பை அடைந்து, மெல்ல உள்ளே ஊறி, மூளை முழுவதையும் தொட்டு, பின் வெளியேறியது. சுண்டெலியில் மணிக்கணக்கு, மனிதரில் நாட்கணக்கு. ஹக்கீம் கண்ட நோய் உள்ளவர்களில் அறைகளுக்குள் திரும்பி நுழைதலும் வெளியேறுவதில் தாமதமும் தெரிந்தன. 1960களின் மங்கலான புள்ளிப்படம் சொன்னதை இப்போது மூளையின் மடிப்புதோறும் காண முடிந்தது.

இப்படங்களைப் பார்க்கும்போது படுத்திருந்தவரையும் நாம் நினைக்க வேண்டும். தண்டுவட நீருக்குள் கடோலினியம் செலுத்துவது அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்ட பயன்பாடு இல்லை. அளவு மிகுந்துபோன சில நேர்வுகளில் வலிப்பும் மயக்கமும் மரணமும் நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. ஆகவே ஓஸ்லோவில் சேர்க்கப்பட்டவர்கள் வேறு காரணத்துக்காகப் பரிசோதனை தேவைப்பட்ட நோயாளிகள். முழு நலமுள்ள மனிதரின் படம் என்று சொல்லத்தக்கது அரிது. அமெரிக்காவின் ஓரிகனில் 2024 இல் வெளியான ஆய்விலும் மூளைக் கட்டி அறுவை செய்துகொண்ட ஐந்து நோயாளிகளே பங்கேற்றனர். தடங்காட்டி நீர் குழாயோர இடைவெளிகளுக்குள் நுழைவதை அவர்களில்தான் நேரடியாகக் காண முடிந்தது.

தடங்காட்டி பற்றிய பழைய ஐயமும் இங்கே திரும்புகிறது. ஓஸ்லோவில் பயன்படுத்திய மருந்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 600. அமிலாய்டு புரதத்தினுடையது ஏறத்தாழ 4500. மருந்து வெளியிலிருந்து உள்ளே போய்த் திரும்புகிறது. கழிவோ உள்ளேயே பிறந்து வெளியே வர வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உயிரணுக்களுக்கு இடையேயான இடுக்கு அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. படத்தில் ஒரு பகுதி வெளுப்பதைக் கொண்டு அந்த இடுக்கில் நீர் ஓடியதா, மருந்து தானே பரவியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஊசியே இல்லாத வழிகளும் தேடப்பட்டன. ஜப்பானின் தோஷியாகி தவோகா 2017 இல், நீர் மூலக்கூறுகள் குழாயோரமாக எவ்வளவு எளிதில் அசைகின்றன என்பதை எம்.ஆர்.ஐ. மூலம் கணக்கிட்டு ஒரு குறியெண்ணை முன்வைத்தார். ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம் என்பதால் அது வெகு வேகமாகப் பரவியது. ஆனால் அது மூளை அறையின் ஓரத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கிறது. அங்கே அசையும் நீரில் பெரும்பகுதி நரம்பிழைகளுக்குரியது. அந்த எண் குறைந்தால் கழுவுதல் குறைந்தது என்று பொருள்கொள்வது பெரிய தாவல் என்று பல அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள்.

*

தூக்கத்துக்கு வருவோம். மனிதரிலும் சுண்டெலியிலும் கண்டவை இதுவரை நான்கு திசைகளில் நம்மை இழுக்கின்றன.

முதலாவது, 2018 இல் அமெரிக்காவில் 20 பேரை ஓர் இரவு விழித்திருக்கச் செய்து பெட் ஸ்கேன் எடுத்தபோது, நினைவோடு தொடர்புடைய பகுதியில் அமிலாய்டு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு கூடியிருந்தது. கழுவுதல் குறைந்ததாலா, உற்பத்தி பெருகியதாலா என்பதை அந்தப் படம் சொல்லாது. இரண்டாவது, 2019 இல் பாஸ்டனில் லாரா லூயிஸின் குழு, தலையில் மின்முனைகள் பொருத்திய 13 பேரை எம்.ஆர்.ஐ. கருவியின் இரைச்சலுக்குள்ளேயே உறங்கவைத்துப் பார்த்தது. ஆழ்துயிலில் ஏறக்குறைய 20 நொடிக்கு ஒருமுறை நீர் பெரிய அலையாக மூளைக்குள் ஏறியது; நரம்பணுக்களின் மெதுவான மின்னலையும் இரத்த அளவின் ஏற்ற இறக்கமும் அதற்கு முன்னால் சென்றன. தூங்கும் மனிதரின் மூளை நீரைக் கண்ட அழகிய காட்சி அது. ஆனால் அலையைக் கண்டதே தவிர, அலை எதைக் கொண்டுபோயிற்று என்பதை அது காணவில்லை.

மூன்றாவது, 2021 இல் ஓஸ்லோ குழு, முதுகில் தடங்காட்டி ஏற்றப்பட்டவர்களில் சிலரை ஓர் இரவு முழுதும் விழித்திருக்கச் செய்தது. மறுநாள் காலை அவர்களுடைய மூளையில் உறங்கியவர்களைவிட அதிக மருந்து தங்கியிருந்தது. அடுத்த இரவு உறங்கியும் அந்த வேறுபாடு மறையவில்லை. மனிதரில் தூக்கத்தையும் வெளியேற்றத்தையும் நேரடியாக இணைக்கும் சான்றுகளில் இதுவே வலுவானது என்று நாம் கருதுகிறோம். அதிலும் கலந்துகொண்டோர் சிலரே, நோயாளிகளே.

நான்காவது எதிர்த்திசையிலிருந்து வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நிக் ஃப்ராங்க்ஸின் குழு 2024 இல், சுண்டெலியின் மூளைத் திசுவுக்குள்ளேயே சாயத்தைச் செலுத்தி, அது உறக்கத்தில் விரைவாகப் போகவில்லை, மாறாக 30 விழுக்காடு அளவுக்குக் குறைவாகவே வெளியேறுகிறது என்று அறிவித்தது. ஊசி திசுவைக் காயப்படுத்தியிருக்கும், சாயத்தின் அளவு மிகுதி என்று மறுதரப்பினர் வாதிட்டனர். சாயத்தை எந்த வழியாக அனுப்பினார்கள், என்ன அழுத்தத்தில், எவ்வளவு என்று 1870களில் கீ, ரெட்சியஸ் ஆகியோரை நோக்கி எழுப்பிய கேள்விகளே மீண்டும் எழுப்பப்பட்டன. இதை அறிவியலின் தோல்வி என்று நாம் கொள்ளவில்லை. மறைந்து ஓடும் ஒன்றை அறிய முயல்பவர் எத்தனை நூற்றாண்டு கடந்தாலும் தம் தூதனின் நம்பகத்தை முதலில் சோதிக்கவே வேண்டியிருக்கிறது.

இன்று கடைகளில் 'மூளைக் கழிவை நீக்கும்' மாத்திரைகளும், எந்தப் பக்கம் சாய்ந்து உறங்கினால் மூளை கழுவப்படும் என்ற அறிவுரைகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. பக்கவாட்டில் உறங்குவது பற்றிய செய்தி 2015 இல் மயக்கமூட்டப்பட்ட எலிகளில் எடுத்த படங்களிலிருந்து புறப்பட்டது. நன்றாகத் தூங்குவதற்கு வேறு நூறு நல்ல காரணங்கள் உண்டு; அதற்குக் கழுவுதலின் துணை தேவையில்லை. ஆனால் நினைவு மங்கிவரும் பெற்றோரை வீட்டில் வைத்துக்கொண்டு இச்செய்திகளை வாசிப்பவருக்கு இது விளையாட்டு இல்லை. அவர் ஒரு வாக்கியத்தை நம்பிப் பணத்தையும் நம்பிக்கையையும் செலவிடுகிறார். நடை தடுமாறும் முதியவருக்கு உரிய ஸ்கேனை எடுத்துப் பார்த்தால் தீர்க்கக்கூடிய நீர்த்தேக்கம் தெரியவரலாம் என்ற, அரை நூற்றாண்டுக்கு மேல் பழகிய, பயனுள்ள செய்தி அவரை எட்டாமலேயே போய்விடுகிறது.

எனவே இனி இத்தகைய செய்தி ஒன்றைக் காணும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. கழுவப்பட்டது யாருடைய மூளை? நீருக்குள் அனுப்பப்பட்டது எது? அது போனதை எத்தனை மணிநேரம், எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார்கள்? கொட்டுன்யோ தலையை வெட்டாமல் சடலத்தை ஆராயத் தொடங்கியதும், வீட் அழுத்தத்தைக் குறைத்ததும், டி கீரோ எண்ணெயை விட்டுக் கரையும் பொருளைத் தேர்ந்ததும் இத்தகைய கேள்விகளை எழுப்பியதால்தான். மனித மூளையின் கழிவு எந்த வழியில், என்ன வேகத்தில் வெளியேறுகிறது என்பதை ஐயமின்றிக் காட்டும் படம் இன்னும் எடுக்கப்படவில்லை. ஊசி குத்தாமல், அந்நியப் பொருள் அனுப்பாமல், நலமுள்ள ஒருவர் தன் படுக்கையில் உறங்கும் இயல்பான இரவில் அதைக் காண ஒரு வழி பிறக்கும்வரை, முதுகைக் காட்டிப் படுத்த ஓஸ்லோ நோயாளிகளின் படங்களையே நாம் நம்பியிருக்க வேண்டும்.